கயிறு அசைந்தால்

பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தைக்கு அழுகை வந்தால் அது எங்கே போகும் என்ற கேள்வி கொஞ்ச நாளாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. போக இடமில்லை என்றுதான் பெரியவர்கள் நினைக்கிறோம். பிள்ளைகள் எப்போதோ இடம் கண்டுபிடித்து வைத்துவிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கும் முக்கோண இருட்டு, சத்துணவுக் கூடத்தின் பின்புறம் பழைய கரி படிந்த சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நிற்கக்கூடிய சந்து, நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்குக் கழிப்பறை. இந்த இடங்களைப் போய்ப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரு சாயல் இருப்பது தெரியும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும். வெளிச்சம் குறைவாக இருக்கும். மைதானத்துச் சத்தம் அங்கே வரும்போது ஒரு படி தணிந்திருக்கும். யாராவது வந்தால் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். கையைச் சுவரில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். இதையெல்லாம் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. எந்தப் பாடநூலிலும் இல்லை. தனக்கு எது தேவை என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே நிற்கிற பிள்ளையைக் கண்டால் “இங்க என்ன பண்ணிட்டிருக்க, வகுப்புக்குப் போ” என்று விரட்டுவதுதான் காலம்காலமாக நமக்குத் தெரிந்த ஒரே பதில்.

இப்போது அதற்கென்றே ஓர் அறை என்ற பேச்சு வந்திருக்கிறது. சென்சரி ரூம் என்கிறார்கள். நல்ல பேச்சு, வரவேண்டிய பேச்சு. எனக்குள் உறுத்தல் தொடங்கியதும் அப்படி ஓர் அறையைப் பார்த்த பிறகுதான். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை. சுவருக்கு இளநீலம் அடித்திருந்தார்கள். மூலையில் ஆளுயரக் கண்ணாடிக் குழாய். சுவிட்சைப் போட்டால் உள்ளே நிறம் மாறிக்கொண்டே குமிழ் மேலேறும், பிளாஸ்டிக் மீன்கள் ஏறி இறங்கும். தரையில் இரண்டு பீன் பேக், ஒன்றின் மேல் வாங்கும்போது வந்த பாலிதீன் உறை அப்படியே இருந்தது. சுவரில் ஒரு பலகை, அதில் கரடுமுரடான துணி, பஞ்சு, சங்கிலி, தேங்காய் நார் எல்லாம் வரிசையாக ஒட்டியிருந்தது. கதவில் பூட்டு. சாவி தலைமையாசிரியர் அறை ஆணியில். அந்த அறையை அமைத்தவர்களின் மனது தங்கமானது. பணம் கொடுத்தவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அங்கே போக வேண்டிய பையன் நாற்பது பேர் முன்னால் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். வகுப்பு அந்த அறைக்கு ஒரு பெயர் வைத்திருந்தது, எழுதக் கூசும் பெயர். ஒரு முறை போய்வந்த பையன் மறுபடி போகவில்லை. அவன் பழையபடி மாடிப்படிக்கு அடியில்தான் போய் உட்கார்ந்தான். அங்கே பூட்டு கிடையாது.

அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் பாடம் எடுக்கும் தோழி ஒருத்தி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். நான்காம் வகுப்பு. அந்தப் பள்ளியில் இன்னும் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிக்கிற மணிதான். மணி அடித்ததும் அவன் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, முழங்கால் நெஞ்சில் முட்ட, நெற்றியைப் பெஞ்சுக் காலில் அழுத்தி. மணி நின்று வெகுநேரம் ஆனபிறகும் வரமாட்டான். ஒருநாள் அவளும் குனிந்து, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனாகச் சொன்னானாம்: “சத்தம் உள்ள போயிட்டு டீச்சர். வெளிய வர மாட்டேங்கு.” இதைவிடத் துல்லியமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அவன் பெஞ்சுக் காலில் நெற்றியை அழுத்தியதும் வீணான செயல் இல்லை. நம் தோலுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் அப்பால், மூட்டிலும் தசையிலும் இருந்து உடம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு புலன் உண்டு. உள்காதில், தலை சாய்வதையும் சுற்றுவதையும் சொல்லும் ஒரு புலன் உண்டு. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸ் 1972-இல் வெளியிட்ட தம் நூலில், கற்றலின் சிக்கல்களை இந்தப் புலன்களோடு சேர்த்துப் பார்த்தார். வெளியிலிருந்து வருவது அளவுக்கு மீறும்போது அழுத்தமும் பாரமும் ஒரே சீரான ஆட்டமும் பல பிள்ளைகளுக்கு நிதானத்தைத் திருப்பித் தருகின்றன. தூளியில் போட்டு ஆட்டுகிற ஆச்சிக்கு இதன் செய்முறை தெரியும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்; ஆட்டினால் வீறிடுகிற பிள்ளையை அவள் தோளில் போட்டுத் தட்டுவாள்.

இன்று விற்பனைக்குக் கிடைக்கிற குமிழ்க் குழாய், ஒளியிழை, மெத்தென்ற அறை இவற்றின் மூலம் நெதர்லாந்தில் இருக்கிறது. 1970-களில் டி ஹார்டன்பெர்க் என்ற இல்லத்தில், அறிவுத்திறன் குறைபாடு கடுமையாக உள்ளவர்களுக்காக யான் ஹுல்செகே, அத் வெர்ஹேல் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள். ஸ்னூசலன் என்று பெயர். அதில் என்னைத் தொடுவது கருவிகள் இல்லை. அங்கே வருகிறவரை எதற்கும் தயார் செய்வதில்லை என்பது அதன் அடிப்படை. எதைத் தொடலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அவரே முடிவு செய்வார். இதைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததும் என்ன ஆகிறது? பள்ளி என்பது அடிமுதல் நுனிவரை இலக்குகளால் ஆனது. அறைக்கு ஒரு பதிவேடு வருகிறது. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், போகும்போது எப்படி இருந்தான், வரும்போது எப்படி இருந்தான். பதினைந்து நிமிடத்தில் அமைதியாகாத பிள்ளை அங்கேயும் தோற்றுப்போகிறது. அழுகையிலும் ஒரு தேர்வு. இது எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் தூத்துக்குடிப் பிள்ளைகளின் புலன்களைப் பற்றி யோசிக்காமல் இந்த ஊரில் இப்படி ஓர் அறையைக் கட்ட முடியாது என்று தோன்றுகிறது. துறைமுகச் சாலையில் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் போகும்போது ஓரத்து வீடுகளின் ஜன்னல் கம்பி அதிர்வது எப்போதும் உள்ளதுதான். அனல்மின் நிலையம், நிலக்கரி, காற்றடி காலத்தில் கண்ணில் விழும் தூசு. உப்பளத்தின் வெள்ளை, அதைப் பார்த்துப் பார்த்தே கண் கெட்டவர்கள் எத்தனை வீட்டில்! அளத்து வேலைக்கு விடியுமுன் கிளம்பிவிட்ட அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, தானே தலைவாரி வருகிற பிள்ளைகள் முதல் பெல்லுக்கு வரிசையில் நிற்கிறார்கள். திரேஸ்புரத்துப் பிள்ளைக்குக் கருவாட்டு வாடை வீட்டு வாசம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளை அதற்கு மூக்கைப் பொத்தும்போது அவமானம் மூக்கின் வழியாகவே உள்ளே போகிறது. எது இதம், எது இம்சை என்பதைச் சந்தையில் விற்கும் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவர முடியாது. பிளாஸ்டிக் மீனைப் பார்த்தால் மனம் ஆறும் என்று மன்னார் வளைகுடாக் கரையில் வளர்கிற பிள்ளைக்கு நாம் எப்படிச் சொல்வது? அதன் அப்பா நேற்றிரவு வரை கரை திரும்பாமல் இருந்திருக்கலாம்.

சில சத்தங்களுக்கு வரலாறு இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மூழ்கடித்தது. தூத்துக்குடி நகரத்தின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. மொட்டைமாடியில் ஒண்டியிருந்த பிள்ளைகள் பிறகு பள்ளி திறந்ததும் வந்தார்கள். தகரக் கூரையில் முதல் தூறல் விழும்போது வகுப்பில் யார் முகம் வெளுக்கிறது என்று ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். இதே ஊரில் 2018 மே மாதத்துப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் செத்தார்கள். அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளின் திடுக்கிடலைப் புலன் கோளாறு என்று எழுதிவிட முடியுமா? அவர்களின் காது சரியாகத்தான் இருக்கிறது. அது ஒன்றை நினைவில் வைத்திருக்கிறது. மெத்தென்ற அறைக்குள் அந்த நினைவைக் கூட்டிப்போய்ச் சாந்தப்படுத்துவது உதவிதான். அதோடு நின்றுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நடந்ததை யாரும் கேட்டதாக ஆகாது.

இந்தக் கரைக்குப் பயத்தை எப்படி நடத்துவது என்று ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்கு முன் பல நூற்றாண்டுகள், எட்டு ஒன்பது பாகம் ஆழத்துக்கு, கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கி இறங்கினார்கள். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவர் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரராக, மச்சானாக இருப்பார், தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கை தளராது என்று இங்கே சொல்வார்கள். கீழே இருப்பவர் கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் போதும், மேலே இழுத்துவிட வேண்டும். சிப்பி நிறைந்ததா, மூச்சு முட்டியதா, எதையாவது கண்டு மிரண்டாரா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. காரணமெல்லாம் மேலே வந்த பிறகு, மூச்சு வந்த பிறகு.

இன்னொருவரும் உண்டு, கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு போகிறது என்று எழுதியிருக்கிறார். பகலில் கட்டி, இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் இறங்காமல் இருக்க. கிட்டத்தட்ட ஐந்தரை நூற்றாண்டுக்குப் பிறகு, இலங்கையில் காலனி நிர்வாகியாக இருந்த எமர்சன் டெனன்ட்டும் எதிர்க்கரையில் அதே ஆளைப் பார்க்கிறார். சடங்கு முடியாமல் குளிகாரர்கள் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்தின் அப்போதைய மூத்தவர் கத்தோலிக்கர். மந்திரத்தின் பலனுக்கும் அவருடைய மதத்துக்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. மந்திரத்தில் நம்பிக்கையே இல்லாத வெள்ளைக்கார அரசு அவருக்கு இடம் கொடுத்து வைத்திருந்தது. சுறாவை அவர் கட்டினாரா என்பது என் விசாரம் இல்லை. பயப்படுகிறவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை. பயம் அந்தத் தொழிலின் ஓர் அங்கம், அதற்கான செலவு தொழிலின் செலவு என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தனி ஒருவனின் குறையாக அதை அவன் தலையில் கட்டவில்லை. பள்ளியில் பிள்ளைக்கு வரும் பயத்தின் செலவு யாருடைய கணக்கில் இருக்கிறது?

இப்படி எழுதிவிட்டு ஒரு சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். கடல்கட்டிக்கு ஏன் இடம் கொடுத்தார்கள்? குளிகாரர் கீழே இறங்கினால்தான் முத்து, முத்து வந்தால்தான் அரசுக்கு வருமானம். பயத்தை ஆற்றியது அவரை மறுபடி தண்ணீருக்குள் அனுப்பத்தான். நம் அமைதி அறைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றனவோ? அழுத பிள்ளையைத் துடைத்து, ஆற்றி, அதே வகுப்புக்கு, அதே பிரம்புக்கு, அதே கேலிக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடா? ஒரு பிள்ளையின் கோபம் நியாயமாக இருக்கும் நேரமும் உண்டு. சாதிப் பெயர் சொல்லி அழைத்ததற்காக மேசையைத் தள்ளிவிட்ட பையனுக்குப் பீன் பேக் எதற்கு? அவனை அமைதியாக்குவதில் நமக்கு இருக்கிற அவசரம் அவனுக்கு இல்லை. கயிற்றை வெட்டியதும் இழுப்பவர், இழுத்த பிறகு கீழே என்ன இருக்கிறது என்றும் கேட்கிறவராக இருக்க வேண்டும். இந்தப் பின்பாதி நடக்காத பள்ளியில் எந்த அறையும் துடைக்கும் துணிதான்.

இதற்கு நம் மொழியிலேயே முன்மாதிரி இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம். மட்டக்களப்பில் 1996-இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும் இணைந்து தொடங்கியது. போர் நடந்துகொண்டிருந்த காலம். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் வந்தார்கள். அவர்களுக்குக் களிமண், வண்ணம், மரங்கள், வளர்ப்பு விலங்குகள், கதை, நாடகம், பாட்டு. உன் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் துருவவில்லை. பேச வாய் வராத பிள்ளை மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் பிசையலாம், பக்கத்தில் ஒரு பெரியவரும் பிசைந்துகொண்டிருப்பார். எனக்கு இதில் முக்கியம் அந்தப் பெரியவர். மண் எங்கும் கிடைக்கும். பிள்ளையோடு சேர்ந்து மண்ணில் கைவைத்துவிட்டு, பிள்ளை பேசும்வரை பேசாமல் இருக்கத் தெரிந்தவர் எங்கும் கிடைப்பதில்லை. அவரை உருவாக்கக் காலமும் காசும் வேண்டும். மட்டக்களப்பில் அந்தப் போர்க்காலத்திலும் அதைச் செலவழித்தார்கள்.

இந்தக் கரையிலும் ஒரு முன்மாதிரி உண்டு. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போரில் மாட்டிக்கொண்டு, பல ஆண்டுகள் இந்தியாவிலேயே இருந்தார். இங்கே அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் நிறைய. அவருடைய முறையில் மௌன விளையாட்டு என்று ஒன்று உண்டு. வகுப்பு மொத்தமும் அசையாமல் உட்காரும். நாற்காலி கிரீச்சிடாமல், மூச்சுக்கூடத் தெரியாமல். பிறகு ஆசிரியர் கிசுகிசுப்பாக ஒவ்வொரு பெயராக அழைப்பார். அழைக்கப்பட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போகும். இதை நான் விரும்புவதற்குக் காரணம், அமைதியை அங்கே எல்லோரும் சேர்ந்து உண்டாக்குகிறார்கள். ஒருவனைத் தனியே அனுப்பிப் பெறும் அமைதி அல்ல அது. நம் வகுப்பறைகளில் கூட்டாகச் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. தண்டவாள மணிக்குப் பதில் காதைக் கிழிக்காத மணி. பெஞ்சுக் கால்களுக்கு அடியில் பழைய டயர் ரப்பர். வகுப்பின் பின்மூலையில், எல்லோரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற ஒரு பாய், கனமான ஒரு போர்வை, ஒரு வாளி கடற்கரை மணல். புத்தகக் கட்டைத் தூக்கிப் போவது, செடிக்குத் தண்ணீர் சுமப்பது போன்ற பாரம் உள்ள வேலைகளைத் தண்டனையாக இல்லாமல் ஓய்வாகக் கொடுப்பது. கேட்காமலே எழுந்து போகலாம் என்றால் பாதிப் பிள்ளைகள் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுமே என்கிறார்கள். முதல் வாரம் உட்காரும். அதற்குப் பிறகு யாருக்குத் தேவையோ அவர்கள்தான் போவார்கள் என்று அந்தத் தோழி சொல்கிறாள். அவளுடைய வகுப்பில் அப்படித்தான் நடந்தது. பெஞ்சுக்கு அடியில் போகும் பையன் இப்போது பாயில் போய்ப் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறானாம். மணி இன்னும் மாறவில்லை.

இதெல்லாம் பள்ளியின் வேலையா என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில்தான் 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். வயிறு வீட்டின் பொறுப்பு, பள்ளிக்குப் பாடம் மட்டும் என்ற எண்ணம் அன்று பலமாகத்தான் இருந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஒப்புக்கொண்டு, பள்ளிக்குள் அடுப்பு வைத்தார்கள். 1982-இல் அது சத்துணவானது, 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பசியை ஒப்புக்கொண்ட பள்ளிக்கூடம் கலக்கத்தை ஒப்புக்கொள்ள எத்தனை காலம் எடுத்துக்கொள்ளும்? அடுப்பு வைத்தபோது அடுப்போடு சமையல்காரரையும் வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அமைதி அறைக்குக் குழாயும் மெத்தையும் வந்துவிடுகின்றன. ஆள் வருவதில்லை.

ஆள் யார் என்றால், இப்போதைக்கு வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உட்பட 21 வகைகளை ஏற்றிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இவரே. ஒருவர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும், சில பிள்ளைகளின் வீடுகளுக்கும். இன்று வந்தால் அடுத்து எப்போது என்பது பேருந்தையும் பட்டியலையும் பொறுத்தது. இடைப்பட்ட நாட்களில் கயிறு வகுப்பாசிரியர் கையில். அவரோ அரசின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் திணறுகிறார், அவருக்கே போய் நிற்க ஒரு சந்து பள்ளியில் கிடையாது. பிள்ளையின் மூச்சு முட்டுவதைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும் கை ஒரே பிள்ளையோடு மாதக்கணக்கில் பழகினால்தான் வரும். அப்படிப் பழக வேண்டிய சிறப்புப் பயிற்றுநர்களைப் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் வைத்திருக்கிறது நம் அரசு. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த அறைக்கு நீலம் அடிப்பதற்கு முன்னால் அந்தக் கோரிக்கையைப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.